கால் வலுவும் காற்றழுத்தமும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில், பர்லியாறுக்கு அருகே ஒரு வளைவில் எங்கள் கார் நின்றது. ஆனால், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறக்குறைய ஒரு கார் நீளம் தள்ளி நின்றது. எதிரே மேலேறி வந்த பேருந்தின் ஓட்டுநர் எங்களைக் கண்டதுமே வண்டியை ஓரங்கட்டியிருந்தார். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத முடிகிறது. கருகிய வாடை காருக்குள் பரவியது. என் மனைவி மேட்டுப்பாளையம் வந்து சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

கார், 1972-ஆம் ஆண்டின் அம்பாசடர், மார்க் 2. என் தந்தையார் வாங்கியது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்; மிதியை அழுத்துவது முழுக்க முழுக்கக் கால் வலுவால்தான். அந்தக் கால் வலு எனக்கு முப்பது வயதில் இருந்தது. அறுபதைத் தாண்டிய பின், வலது முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்த பின், இல்லை. வண்டியை விற்றுவிடலாம் என்பது வீட்டாரின் தீர்ப்பு. பவர் பிரேக் பொருத்திவிடலாம் என்பது என் மேல்முறையீடு. பழைய கார் வைத்திருக்கும் பலரும் இன்று இதே வழக்கைத் தத்தம் வீட்டில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், அந்த மேல்முறையீட்டின் விவரங்களைப் பொதுவில் வைக்கிறேன்.

கோயம்புத்தூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் சென்றேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சார், பூஸ்டர் மாட்டறது கடைசி வேலைங்க. மொதல்ல நாலு டிரம்மையும் கழட்டிப் பாத்துருவோம்." அவர் சொன்னதன் முழுப் பொருளும் அன்று எனக்கு விளங்கவில்லை. பூஸ்டர் என்பது பிரேக்கை உருவாக்கும் கருவி அன்று; இருக்கும் பிரேக்கைப் பெருக்கும் கருவி. பெருக்கியைப் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பில் பாடம் நடத்தியவனுக்கு இது விளங்கியிருக்க வேண்டும். பெருக்கப்படும் எண் பிழையாக இருந்தால் விடையும் அதே விகிதத்தில் பிழையாகும்.

முதலில் நிற்பதன் கணக்கைப் பார்ப்போம். நான்கு பேர் அமர்ந்த அம்பாசடரின் எடை ஏறக்குறைய 1,400 கிலோ. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 3.5 லட்சம் ஜூல். வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகும். இந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றிக் காற்றில் விட வேண்டும். நல்ல தார்ச்சாலையில், நல்ல டயர்களோடு, புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைக்க முடிந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து 36 மீட்டரில் வண்டி நிற்கும். மிதியைப் போதிய வலுவோடு அழுத்த முடியாமல் பத்தில் நான்கு பங்குதான் கிடைத்தது என்றால், 63 மீட்டர் தேவை. ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கி மிதியில் வைக்க ஒரு விநாடி ஆனால், அதற்கே 22 மீட்டர் தனி. 36-க்கும் 63-க்கும் உள்ள இடைவெளிதான் என் முழங்காலின் விலை.

பூஸ்டர் இந்த 63-ஐ 36-ஆக்க உதவும். 36-ஐ 30 ஆக்காது. அந்த எல்லையை விதிப்பவை டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வும், டிரம்முக்குள் இருக்கும் லைனிங்கின் நிலையும். வலுவான காலுடைய இளைஞர் ஒருவர் பூஸ்டர் இல்லாமலேயே சக்கரத்தைப் பூட்டிவிட முடியும் என்றால், பூஸ்டர் அவருடைய நிறுத்தத் தூரத்தைக் குறைப்பதில்லை. மிதியின் பாரத்தை மட்டுமே குறைக்கிறது. இன்றைய பன்னாட்டு விதிகள், கார்களின் பிரேக் சோதனையில் மிதி மீது செலுத்தும் விசை 500 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கின்றன. அதாவது, ஏறக்குறைய 50 கிலோ எடையை ஒற்றைக் காலில் தாங்குவதற்கு ஒப்பானது. அந்த வரம்பையே என் கால் எட்டாது.

மலைப்பாதையின் கணக்கு வேறு. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் வரை வண்டி இறங்குவது ஏறக்குறைய 1,900 மீட்டர். 1,400 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுமையாக நிறுத்தும் செயலை 75 முறை செய்வதற்குச் சமம். இதன் பெரும்பகுதியை இரண்டாம் கியரில் எஞ்சினே தடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பை டிரம்மின் தலையில் சுமத்தினால், இரும்பு டிரம் சூடேறி விரிந்து ஷூவிடமிருந்து விலகும். லைனிங்கின் உராய்வு குறையும். மிதி கீழே இறங்கிக்கொண்டே போகும். அன்று பர்லியாறில் எனக்கு நேர்ந்தது இதுதான். முழங்கால் மீது நான் சுமத்திய பழியில் பாதி, கியரைக் கையாண்ட என் கைக்கு உரியது.

டிரம்களைக் கழற்றியபோது மீதிப் பழிக்கு உரியவர்களும் அகப்பட்டார்கள். முன்பக்க இடது சக்கரத்தின் சிலிண்டர்களில் ஒன்று துருப்பிடித்து அசையாமல் நின்றிருந்தது. பின்பக்கம் ஒரு லைனிங்கில் ஆக்சில் எண்ணெய் கசிந்து ஊறியிருந்தது. ஒரு டிரம் வட்டமாக இல்லை. பிரேக் ஆயில் கறுத்துப்போயிருந்தது. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அதே தரத்துக்கு 140 டிகிரிதான் வரம்பு. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடே நிற்கிறது. ஆவியையோ எளிதாகச் சுருக்கிவிடலாம். மிதி பஞ்சு போல் அமுங்கும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இந்த நிலையில் பூஸ்டரைப் பொருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வலது முன்சக்கரம் இருமடங்கு வலுவோடு பிடித்திருக்கும். இடது சக்கரம் பிடித்திருக்காது. அவசரத்தில் மிதித்த கணமே வண்டி வலப்புறம், அதாவது எதிர்வரும் வாகனங்களின் பக்கம், இழுத்துக்கொண்டு போயிருக்கும். மெக்கானிக் "கடைசி வேலை" என்றதன் பொருள் அப்போது புரிந்தது.

சிலிண்டர்களை மாற்றி, டிரம்களை லேத்தில் கடைந்து, புது லைனிங் ஒட்டி, ரப்பர் ஹோஸ்களையும் இரும்புக் குழாய்களையும் புதிதாக்கி, டாட் 4 ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. பூஸ்டரின் விலையைப்போல இருமடங்கு செலவு. அதன் பிறகு ஓட்டிப் பார்த்தபோது என் குறையில் பாதி தீர்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால், நாற்பது வயது ஓட்டுநர் ஒருவர் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

பூஸ்டரின் தத்துவம் எளிது, வயதும் கொஞ்சமன்று. 1919-இல் வந்த ஹிஸ்பானோ-சூயிசா எச்6 காரில், வண்டியின் ஓட்டத்திலிருந்தே விசையை எடுத்து பிரேக்குக்குக் கொடுக்கும் இயந்திர ஏற்பாடு இருந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. 1920-களில் பெல்ஜியப் பொறியாளர் ஆல்பர்ட் டெவாண்ட்ர், எஞ்சினின் உறிஞ்சு வலுவைப் பயன்படுத்தும் வழியைக் கொண்டுவந்தார். இன்றுவரை பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் அதே தத்துவம்தான். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஒரு பகுதி வெற்றிடம் உண்டாகிறது. ஒரு தகர உருளைக்குள் ரப்பர் திரையொன்றை வைத்து, ஒரு பக்கம் அந்த வெற்றிடத்தையும் மறுபக்கம் வெளிக்காற்றையும் விட்டால், வெளிக்காற்று திரையைத் தள்ளும். திரையின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ அழுத்த வேறுபாடு கிடைத்தாலே 190 கிலோ எடையின் தள்ளுவிசை. நம் தலைக்கு மேலிருக்கும் வளிமண்டலம்தான் பிரேக்கை அழுத்துகிறது. எஞ்சின் செய்வது, ஒரு பக்கத்துக் காற்றை வெளியேற்றித் தருவது மட்டுமே.

இவ்வளவு பழைய நுட்பம் 1972-ஆம் ஆண்டின் காரில் ஏன் இல்லை? அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை 1956-இல் பிரிட்டனில் வந்தது. அந்தக் கால நடுத்தரக் காருக்கு அது குறையன்று. ஆனால், பிரிட்டனில் அந்த வண்டி சில ஆண்டுகளில் விடைபெற்றது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அதன் வழித்தோன்றல் 2014 வரை உற்பத்தியானது. உரிம ஆட்சிக் காலத்தில் கார் வாங்குபவர் பணத்தைக் கட்டிவிட்டு வரிசையில் காத்திருந்தார். காத்திருக்கும் வாடிக்கையாளருக்காக எந்த உற்பத்தியாளரும் பிரேக்கை மேம்படுத்த அவசரப்படுவதில்லை. பிந்தைய ஆண்டுகளில் போட்டி வந்த பிறகுதான் அம்பாசடரிலும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும் கிடைத்தன. பாதுகாப்பு என்பது சந்தையில் எப்போது ஒரு பண்டமாகிறது என்பதற்கு, மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தட்டுக்குக் கீழே இருக்கிறது. இன்றைய கார்களைப்போல மிதிக்கும் சிலிண்டருக்கும் இடையே பூஸ்டரை நுழைக்க வேண்டுமானால், மிதிகளின் அமைப்பையே மாற்றி, எஞ்சின் அறைக்கும் நமக்கும் நடுவிலுள்ள தகரத்தை வெட்ட வேண்டும். அதற்கு நான் இணங்கவில்லை. மாற்று வழி, தனித்து நிற்கும் பூஸ்டர். இதை மிதிக்கு அருகில் வைக்க வேண்டியதில்லை. பிரேக் குழாயின் நடுவில் இணைத்தால் போதும். மிதியிலிருந்து வரும் திரவ அழுத்தம் பூஸ்டருக்குள் ஒரு சிறு வால்வைத் திறக்கிறது. காற்று உள்ளே புகுந்து திரையைத் தள்ள, திரையோடு இணைந்த தண்டு ஒரு சின்ன சிலிண்டரை அழுத்தி, சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தத்தை அனுப்புகிறது. பிரிட்டனில் பழைய கார்களுக்காக இவ்வகை இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது.

அதிலும் அதிக ஆசை ஆகாது. டிரம் பிரேக்கில் முன்னோக்கிய ஷூ, சுழலும் டிரம்மாலேயே இழுக்கப்பட்டு மேலும் அழுந்தும் இயல்புடையது. அது ஏற்கெனவே ஒரு பெருக்கி. டிஸ்க் பிரேக்குக்கென வந்த, மூன்று மடங்கு பெருக்கும் பூஸ்டரை அதன் முன்னால் வைத்தால், மழைநாளில் லேசாகத் தொட்டாலே சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏறக்குறைய இரு மடங்கு பெருக்கும் வகையைத்தான் தேர்ந்தோம்.

வெற்றிடத்தை எடுக்கும் துளைதான் வேலையின் நுட்பமான பகுதி. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயிலிருந்து கிளை எடுத்தால் போதும் என்று சிலர் யோசனை சொன்னார்கள், அது போதாது. உறிஞ்சுகுழாயைக் கழற்றி, லேத் பட்டறையில் துளையிட்டு மரை போட்டு, அதில் முனையைப் பொருத்தினோம். கழற்றாமல் துளையிட்டால் உலோகத் துகள் எஞ்சினுக்குள் போய்விடும். ஹோஸும் வெற்றிடத்துக்கென நெய்த பின்னலுடன் வருவதாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் துண்டைப் போட்டால் உறிஞ்சப்பட்டுச் சப்பிப்போகும். நடுவில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. எஞ்சின் திடீரென்று நின்றாலும் இரண்டு மூன்று முறை பிரேக் பிடிக்கும் அளவுக்கு வெற்றிடத்தைச் சேமித்து வைப்பது அந்தச் சிறு வால்வுதான். டீசல் எஞ்சின் மாற்றிய அம்பாசடர்களுக்கு இந்த வழி பொருந்தாது. டீசல் எஞ்சினின் உறிஞ்சுகுழாயில் போதிய வெற்றிடம் உண்டாவதில்லை. அவற்றுக்குத் தனி வேக்குவம் பம்ப் வேண்டும்.

வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்கும் சோதனையை யாரும் வீட்டு வாசலிலேயே செய்யலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதித்துச் சேமிப்பைத் தீர்க்க வேண்டும். மிதியை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை இயக்கினால், மிதி காலுக்கடியில் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் வேலை செய்யவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, எங்கும் கசிவு தெரியவில்லை, புகைபோக்கியில் வெண்புகை வருகிறது என்றால், பூஸ்டருக்குள் இருக்கும் சீல் கிழிந்து, ஆயிலை எஞ்சின் குடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

எங்கள் வண்டியின் பிரேக் குழாய் ஒற்றைச் சுற்று. எங்கேனும் ஓரிடத்தில் பெரிதாகக் கசிந்தால் நான்கு சக்கரமும் போய்விடும். கைபிரேக் மட்டுமே மிஞ்சும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனிச் சுற்று அமைப்பது பூஸ்டரைவிட முக்கியமான பாதுகாப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாஸ்டர் சிலிண்டரின் இடநெருக்கடியால் அதைச் செய்யாமல் விட்டேன். இது என் ஏற்பாட்டின் குறை, மறைப்பதற்கில்லை.

இரண்டு எச்சரிக்கைகளை மலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. காற்றை நம்பி இயங்கும் பூஸ்டரின் உச்ச உதவியும் குறைந்தது அந்த அளவு குறையும். சமவெளியில் பழகிய கால், மேலே மிதி சற்றுக் கனப்பதை உணரும். அடுத்தது, நம்மிடையே இருக்கும் ஒரு சிக்கனப் பழக்கம். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு, எஞ்சினையும் அணைத்து, பெட்ரோலை மிச்சப்படுத்துவது. என் தந்தையார் அப்படித்தான் இறங்குவார். நானும் அவரிடம் அதையே கற்றேன். பூஸ்டர் இல்லாத காரில் அது மடமை. பூஸ்டர் உள்ள காரில் அது பெரும் ஆபத்து. மூன்றாவது நான்காவது மிதிப்பில் சேமிப்பு தீர்ந்து, மிதி கல்லாகும். மாறாக, இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் எஞ்சினும் வண்டியைத் தடுக்கிறது. வெற்றிடமும் மிக அதிகமாகக் கிடைக்கிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் ஒரு சங்கடமான வாதத்தை முன்வைத்தார். கார்களைப் பாதுகாப்பானவை ஆக்கினால், ஓட்டுநர்கள் அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதியை வேகமாகச் செலவழித்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். அவர் கணக்கிட்ட அளவு இன்றும் விவாதத்துக்குரியது. நானும் வகுப்பில் அதைச் சற்று ஐயத்தோடுதான் சொல்லிவந்தேன். பூஸ்டர் பொருத்திய இரண்டாவது மாதம், அவிநாசி சாலையில் முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் இடையே விட்டுவந்த தூரம் சுருங்கியிருப்பதை என் மனைவிதான் சுட்டிக்காட்டினார். அவர் பெல்ட்ஸ்மனைப் படித்தவரல்லர்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சேர்த்தது. இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். 2021-இல் வந்த விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய வழிவகுத்தன; சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பிரேக் அந்தப் பட்டியலில் இல்லை. என் சான்றிதழிலும் பிரேக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனவே பூஸ்டர் சட்டத்துக்கு முரணானதன்று என்பது என் வாசிப்பு. ஆனால், சாலையில் வண்டியை நிறுத்தும் அலுவலரும் அப்படியே வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

காது கிழிய ஒலிக்கும் சைலன்சரும், முதியவரின் காலுக்கு உதவும் பூஸ்டரும் நடைமுறையில் "மாற்றம்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைபடுவது சரியன்று. அதற்காக, பட்டறைக்குப் பட்டறை அவரவர் விருப்பப்படி பிரேக்கில் கைவைக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. மேலே சொன்ன துருப்பிடித்த சிலிண்டர் கதையே அதற்கு எதிரான சாட்சி. வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தானியங்கி வாகனச் சோதனை நிலையங்களில், உருளைகளின் மேல் சக்கரங்களை ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியே அளக்கும் கருவி உண்டு. பூஸ்டர் பொருத்திய பழைய காரை அதில் ஏற்றி, இடமும் வலமும் சமமாகப் பிடிக்கின்றனவா, எஞ்சினை அணைத்த நிலையிலும் போதிய பிடிப்பு இருக்கிறதா என்று அளந்து, அதைப் பதிவுச் சான்றிதழில் ஒரு குறிப்பாகச் சேர்க்கலாம். கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும், தருகிறேன்.

அடுத்த ஆண்டு எங்கள் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிரேக் குழாய்களின் வரைபடம், மாற்றிய உதிரிபாகங்களின் ரசீதுகள், பூஸ்டர் இருக்கும் இடத்தின் நான்கு புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். கோப்பின் மேல் என் மனைவி தம் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: "இறக்கத்தில் இரண்டாம் கியர்." அதே தாளின் இன்னொரு படி ஸ்டீயரிங்குக்கு அருகிலும் ஒட்டப்பட்டிருக்கிறது.